டெஃப் லெப்பர்ட் ஹிஸ்டீரியா ரீமாஸ்டர்: எதை வாங்குறது, எப்படி கேட்டுப் பாக்குறது

டெஃப் லெப்பர்ட்ங்கிற பிரிட்டிஷ் ராக் பேண்டோட ஹிஸ்டீரியா ஆல்பத்துக்கு 2017ல வந்த ரீமாஸ்டர், அதாவது அதே ரெக்கார்டிங்க மறுபடி சத்தம் சரி பண்ணி விட்ட பதிப்பு, வாங்கலாமான்னு யாராவது கேட்டா நான் முதல்ல திருப்பிக் கேக்குறது, எல்பியா (வினைல் தட்டு) சிடியான்னுதான். ஏன்னா இந்த ஒரு ஆல்பத்துக்கு ரெண்டுக்கும் பதில் வேற வேற. எல்பின்னா யோசிக்கவே வேணாம், டபுள் எல்பியா, அதாவது ரெண்டு தட்டா வந்த ரீஇஷ்யூதான். சிடி இல்லன்னா ஸ்ட்ரீமிங்னா, பழைய சிடி கையில இருக்குறவங்க அவசரப்படாதீங்க, ஒரு சாயங்காலம் ஒதுக்கி ரெண்டையும் ஒரே சத்தத்துல வச்சு கேட்டுட்டு அப்புறம் காசு எடுங்க. அதை எப்படி பண்றதுன்னுதான் கீழ எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், இது நான் ரொம்ப நேசிக்கிற ஆல்பம்.

முதல்ல இந்த ரெக்கார்டு எப்படி செஞ்சதுன்னு தெரிஞ்சாதான் ரீமாஸ்டர்ல எதைத் தேடணும்னு புரியும். இங்கிலாந்துல ஷெஃபீல்டு ஊர் பசங்க, 1983ல முந்தின ஆல்பம் பைரோமேனியா ஹிட் ஆனதும் அடுத்தது பண்ண உக்காந்தாங்க, வெளிய வந்தது 1987 ஆகஸ்ட் 3. நடுவுல நடந்தது கொஞ்ச நஞ்சமில்ல. 1984 டிசம்பர் 31 அன்னிக்கு ட்ரம்மர் ரிக் ஆலன் கார் விபத்துல இடது கைய இழந்தாரு. அதோட விட்டுட்டுப் போகாம, இடது கை அடிக்க வேண்டியதை கால் பெடல்ல அடிக்கிற மாதிரி எலக்ட்ரானிக் ட்ரம் கிட் ஒண்ணு அமைச்சு, 1986 ஆகஸ்ட்ல டானிங்டன் ராக் திருவிழா மேடைல வந்து வாசிச்சாரு. ஆல்பத்துக்கு ஹிஸ்டீரியான்னு பேர் சொன்னதும் அவர்தான், விபத்தையும் அதுக்கப்புறம் பத்திரிகைகள் பண்ணின கூத்தையும் மனசுல வச்சு. ப்ரொட்யூசர் மட் லாங் முதல்ல களைச்சுப் போய் வரலன்னுட்டாரு, ஜிம் ஸ்டைன்மன்ங்கிற வேற ப்ரொட்யூசர வச்சு ஆரம்பிச்சது சரிப்படல, அப்புறம் மறுபடி லாங்கே வந்து எல்லாத்தையும் முதல்லேர்ந்து கட்டினாரு.

கட்டினாருங்கிற வார்த்தையத்தான் இங்க பிடிச்சுக்கணும். நாலஞ்சு பேர் ஒரு ரூம்ல நின்னு ஒண்ணா வாசிச்ச ரெக்கார்டு இல்ல இது. ஃபில் காலன், ஸ்டீவ் கிளார்க் ரெண்டு பேரோட கிட்டாரும் பெரிய ஆம்ப்ல போகாம ராக்மேன்ங்கிற ஒரு குட்டி டப்பா வழியா போச்சு, அது பாஸ்டன் பேண்டோட டாம் ஷோல்ஸ் வடிவமைச்சது. சில இடத்துல ஒரு கார்டுல (ஒண்ணா ஒலிக்கிற சில ஸ்வரங்க) இருக்குற ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியா வாசிக்க வச்சு ரெக்கார்டு பண்ணி அப்புறம் அடுக்கினாங்க. ட்ரம்ஸ் எல்லாம் சாம்பிள், அதாவது பதிவு பண்ணி வச்ச ஒலித் துண்டுங்க, கணினில கோர்த்தது. பின்குரல்கள் அடுக்கு மேல அடுக்கு. அவ்வளவையும் ஒண்ணா கலந்து மிக்ஸ் பண்ணினது மைக் ஷிப்லி. இப்படி நூல் நூலா நெய்த துணி இது, இதுல மாஸ்டரிங்ல, அதாவது மிக்ஸ் முடிஞ்சதுக்குக் கடைசியா சத்தம் சரி பண்றப்ப, சத்தத்த கொஞ்சம் அதிகமா அமுக்கிட்டா நூலெல்லாம் ஒட்டிக்கிட்டு ஒரே பரப்பா ஆயிடும். ரீமாஸ்டர்ல நாம பாக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான், அந்த அடுக்குகள் பிரிஞ்சு கேக்குதா இல்ல ஒட்டிக்கிச்சா.

 

சரி, எல்பிக்கு வரேன். மொத்தம் 12 பாட்டு, ஏறக்குறைய 62 நிமிஷம். 1987ல இதை ஒரே எல்பில போட்டாங்க, அதாவது ஒரு பக்கத்துக்கு 30 நிமிஷத்துக்கும் மேல. சாதாரணமா ஒரு 12 இன்ச் எல்பி பக்கத்துல 20, 22 நிமிஷம் வரைக்கும் நிம்மதியா வெட்டலாம். அதுக்கு மேல போனா க்ரூவ (ஊசி ஓடுற பள்ளம்) ஒண்ணோட ஒண்ணு நெருக்கணும், நெருக்கினா சத்தம் குறையணும், பேஸ் குறையணும், இல்லன்னா பக்கத்து க்ரூவ இடிச்சிடும். அதனாலதான் பழைய பிரஸ் (அப்ப அச்சடிச்ச தட்டு) போட்டா வால்யூம நிறைய திருப்ப வேண்டி வருது, திருப்பினா தூசி சத்தமும் கூடவே ஏறுது.

இன்னொண்ணு. எல்பி ஒரே வேகத்துல சுத்துது, நிமிஷத்துக்கு 33⅓ சுத்து, ஆனா வெளி ஓரத்துல ஊசிக்கு அடியில ஒரு செகண்டுக்கு 50 சென்டிமீட்டர் க்ரூவ் ஓடுதுன்னா உள்ள லேபிள் பக்கம் போகப் போக அது 20 சென்டிமீட்டர்கிட்ட வந்துடும். அதே பாட்ட பாதிக்கும் குறைவான இடத்துல எழுதணும். அதனால பக்கத்தோட கடைசி பாட்டுல 'ஸ' சத்தமெல்லாம் சீறும், சிம்பல் நொறுங்கும். பழைய சிங்கிள் எல்பில முதல் பக்கக் கடைசில ஆர்மகெடன் இட், ரெண்டாம் பக்கக் கடைசில லவ் அண்ட் அஃபெக்ஷன். ரெண்டுலயும் அடுக்கடுக்கா பின்குரல் இருக்கு, ரெண்டும் அந்த நெருக்கடிலதான் மாட்டிக்கிச்சு. டபுள் எல்பின்னா நாலு பக்கம், சராசரியா பக்கத்துக்கு 15, 16 நிமிஷம். க்ரூவுக்கு இடம் கிடைக்குது, சத்தத்த தைரியமா வெட்டலாம், லேபிள் ஓரம் வரைக்கும் போகவே தேவையில்ல. இது ரீமாஸ்டர் நல்லா பண்ணினாங்களா இல்லையாங்கிறதுக்கு முன்னாடியே வர்ற லாபம், இடத்தால வர்ற லாபம். அதனாலதான் எல்பிக்கு யோசிக்க வேணாம்னு சொன்னேன்.

வாங்கும்போது ஒரு கவனம். அட்டைப் படம் ஒண்ணுதான், அந்த நீலமும் சிவப்புமா அலர்ற முகம். நான் ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட 30வது வருஷ டபுள் எல்பின்னு நம்பி பணம் கட்டினேன், வந்து பிரிச்சா உள்ள ஒரே ஒரு தட்டு, 87 பிரஸ். அவர் போட்டோ போட்டது முன் அட்டை மட்டும், நானும் வேற படம் கேக்கல. அன்னிலேர்ந்து நான் கேக்குறது மூணு போட்டோ. நாலு பக்கத்து லேபிளும் தெரியுற மாதிரி ஒண்ணு, பின் அட்டைல கீழ சின்ன எழுத்துல இருக்குற வருஷம் தெரியுற மாதிரி ஒண்ணு, லேபிளுக்கும் கடைசி க்ரூவுக்கும் நடுவுல வெறுமையா இருக்குற இடத்துல கீறியிருக்குற எண் தெரியுற மாதிரி ஒண்ணு. அந்தக் கடைசி போட்டோ எடுக்க ஜன்னல் வெளிச்சத்துல தட்ட சாய்ச்சுப் பிடிக்கச் சொல்லுங்க, நேரா பிடிச்சா ஒண்ணும் தெரியாது. அந்த எண்ண டிஸ்காக்ஸ்ங்கிற ரெக்கார்டு பட்டியல் வெப்சைட்ல தேடினா எந்த பிரஸ்னு வந்துடும். இந்த மூணையும் அனுப்ப மாட்டேன்னு சொல்ற ஆள்கிட்ட வாங்காதீங்க.

இப்ப சிடி, ஸ்ட்ரீமிங். இங்கதான் பொறுமை வேணும்.

ரீமாஸ்டர்ங்கிற வார்த்தை ஸ்டிக்கர்ல பளபளன்னு இருக்கும், ஆனா அது என்ன பண்ணும் என்ன பண்ணாதுன்னு தெளிவா வச்சுக்கணும். ரீமிக்ஸ்னா பருப்பு வேக வைக்கிறதுலேர்ந்து சாம்பார மறுபடி வைக்கிறது, கிட்டார தனியா குரல தனியா எடுத்து அளவ மாத்தலாம். ரீமாஸ்டர்னா இறக்கி வச்ச சாம்பார்ல உப்பு புளி சரி பாக்குறது, மொத்த கலவையும் ஒண்ணா இருக்கும், அதுல பேஸ் ட்ரெபிள் கூட்டலாம் குறைக்கலாம், சத்தத்தோட உச்சிய அமுக்கி சராசரிய ஏத்தலாம். அதனால ஹிஸ்டீரியாவோட ட்ரம்ஸ் மெஷின் மாதிரி இருக்கு, ரீமாஸ்டர்ல சரியாகுமான்னு கேட்டா, ஆகாது. அது மிக்ஸ்லயே இருக்குற குணம். எனக்கு அந்த ட்ரம்ஸ் அப்படியே பிடிக்கும், ஆனா பிடிக்காதவங்க ரீமாஸ்டர்ல போய் அதுக்குத் தீர்வு தேடாதீங்க.

80கள்ல வந்த சிடிங்க பொதுவா சராசரி சத்தம் குறைவா வச்சு பண்ணினது. 90களுக்கு அப்புறம் எல்லாரும் போட்டி போட்டு ஏத்த ஆரம்பிச்சாங்க. காது என்ன பண்ணும்னா, ரெண்டுல எது கொஞ்சம் சத்தமா இருக்கோ அதை நல்லா இருக்குன்னு சொல்லிடும், ஒரு டெசிபல் ரெண்டு டெசிபல் வித்தியாசமே போதும். புது சிடி போட்ட உடனே ஆஹா எவ்வளவு தெளிவு எவ்வளவு பஞ்ச்னு தோணுறதுல பாதி இதுதான். அதனால சத்தத்த சமப்படுத்தாம ஒப்பிடவே கூடாது.

சமப்படுத்துறது கஷ்டமில்ல. ஆடாசிட்டிங்கிற ஆடியோ எடிட்டிங் மென்பொருள் இலவசம்தான், அதை கம்ப்யூட்டர்ல போட்டுக்கோங்க. ரெண்டு சிடிலேர்ந்தும் ஒரே பாட்ட வேவ் இல்லன்னா ஃபிளாக்கா எடுங்க, எம்பி3 வேணாம். ரெண்டையும் ஒரே ப்ராஜெக்ட்ல திறங்க. எஃபெக்ட் மெனுல லவுட்னஸ் நார்மலைசேஷன்னு ஒண்ணு இருக்கும், ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனியா தேர்ந்தெடுத்து மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (சராசரி சத்தத்தோட அளவு) குடுங்க. ரெண்டும் ஒரே சத்தத்துக்கு வந்துடும். அப்புறம் முதல் ட்ரம் அடி ரெண்டுலயும் ஒரே இடத்துல விழுற மாதிரி ஒரு ட்ராக்க நகர்த்தி வைங்க. இப்ப சோலோ பட்டன மாத்தி மாத்தி தட்டினா பாட்டு நிக்காம ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குத் தாவும்.

நார்மலைஸ் பண்றதுக்கு முன்னாடியே ஒரு தடவ அலை வடிவத்த கண்ணால பாத்துடுங்க. மேலயும் கீழயும் ஊசி ஊசியா உச்சி தெரிஞ்சா மூச்சு விட இடம் இருக்குன்னு அர்த்தம். வேலிய கத்திரி போட்டு ஒரே மட்டமா வெட்டி விட்ட மாதிரி இருந்தா அமுக்கியிருக்காங்க. ஒரு ஸ்னேர் ட்ரம் அடிய எடுத்து நல்லா ஜூம் பண்ணுங்க, ஒரு செகண்டுல நூறுல ஒரு பங்கு தெரியுற அளவுக்கு. அமுக்காததுல அடி விழுற இடத்துல கோடு சரேல்னு செங்குத்தா ஏறி, ஒரு கூர் முனை வச்சு, சரிஞ்சு இறங்கும். அமுக்கினதுல ஏறும், ஆனா முனை இருக்காது, மேசை மாதிரி தட்டையா கொஞ்ச தூரம் போய் அப்புறம்தான் இறங்கும். முதல் தடவ இதைப் பாத்தப்ப எனக்கு வயிறு கலங்கிப் போச்சு, ஒரு ட்ரம் அடியோட தலைய வெட்டினா எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் கண்ணால பாத்தேன்.

ஆனா கண்ணு சொல்றத வச்சு மட்டும் தீர்ப்பு எழுதாதீங்க, கேட்டுத்தான் முடிவு. அதுவும் எது எதுன்னு தெரியாம கேக்கணும். என் அக்கா பையன உக்கார வச்சு நான் இத பண்ணினேன். அவன் ஸ்க்ரீன் பக்கம், நான் திரும்பி சுவரப் பாத்து. அவன் காச சுண்டி, தலை விழுந்தா பழசு பூ விழுந்தா புதுசுன்னு போட்டு பேப்பர்ல குறிச்சுக்குவான், நான் வாயால சொல்லுவேன். பத்து தடவ. முதல் பாட்டுல பத்துக்கு ஆறு வந்துச்சு, “மாமா, இது குருட்டாம்போக்குல சொன்னாலும் வரும்”னான், சரியாத்தான் சொன்னான். பத்துக்கு ஒம்போது வந்தாத்தான் நம்பலாம், சும்மா யூகிச்சு ஒம்போதோ அதுக்கு மேலயோ வர வாய்ப்பு நூத்துக்கு ஒண்ணுதான். வீட்ல ஆள் இல்லன்னா ஃபூபார்2000ங்கிற கம்ப்யூட்டர் ப்ளேயருக்கு ஏபிஎக்ஸ்னு ஒரு ப்ளகின் இருக்கு, அதுவே மறைச்சு வச்சு கேக்கும், கணக்கும் சொல்லும்.

எந்த இடத்த கேக்குறது? ஆல்பம் முழுக்க தேவையில்ல, நான் வச்சுக்குற இடங்கள் இவ்வளவுதான்.

ஹிஸ்டீரியா பாட்டோட ஆரம்பம். கிட்டார் ஸ்வரம் ஸ்வரமா தனித்தனியா உதிரும், ஹெட்ஃபோன்ல கேளுங்க, ஒவ்வொரு ஸ்வரமும் முடிஞ்சு அடங்குறது அடுத்தது வர்றதுக்குள்ள கேக்கணும். நல்ல மாஸ்டர்ல அந்த அடங்கல் நீளமா இழைஞ்சு போகும், அதுக்குப் பின்னாடி ஒரு இருட்டு இருக்கும். அமுக்கின மாஸ்டர்ல அடங்கல் முன்னாடி வந்து ஸ்வரத்துக்குச் சமமா நிக்கும், இருட்டே இருக்காது. பாட்டோட அழகே அந்த இருட்டுதான், என்னைப் பொறுத்தவரைக்கும் இந்த ஒரு இடம் போதும் ஒரு பிரஸ்ஸ எடை போட.

அடுத்து லவ் பைட்ஸ். மெதுவா, குரல் கிட்டத்தட்ட தனியா ஆரம்பிச்சு கோரஸ்ல பின்குரல் மலை மாதிரி எழும்பும். அமைதியா இருக்குற இடத்துக்கும் கோரஸுக்கும் நடுவுல உங்க உடம்புக்கு ஒரு ஏற்றம் தெரியணும். தெரியாம ரெண்டும் ஒரே உயரத்துல நின்னா ஏத்தி விட்டுட்டாங்கன்னு அர்த்தம். அமெரிக்காவுல முதல் இடத்துக்குப் போன இவங்களோட ஒரே சிங்கிள் இது, 1988 அக்டோபர்ல. அந்த ஏற்றம் இல்லன்னா பாட்டே இல்ல.

ராக்கெட் நடுவுல ஒரு நீளமான ட்ரம்ஸ் பகுதி இருக்கு, பாட்டு அங்க ஏறக்குறைய கரைஞ்சு போய் குரல் துண்டெல்லாம் பின்னோக்கி சுத்தும், அதுல காட்ஸ் ஆஃப் வார் பாட்டோட வரியும் தலைகீழா ஓடும். எது எங்கேர்ந்து வருதுன்னு இடம் சொல்ல முடியுதா பாருங்க. காட்ஸ் ஆஃப் வார் கடைசில அப்போதைய அமெரிக்க அதிபர் ரீகன், பிரிட்டிஷ் பிரதமர் தாட்சர் குரல்கள் வரும், வெடிச் சத்தத்துக்கு நடுவுல அந்த வார்த்தைகள் பிரிஞ்சு கேக்குதான்னும் பாருங்க.

போர் சம் சுகர் ஆன் மீ சோதனைக்கு ஆகாது. கடைசியா சேர்ந்த பாட்டு அது, எந்த மாஸ்டர்ல போட்டாலும் எந்த ஓட்டை ஸ்பீக்கர்ல போட்டாலும் நல்லாத்தான் இருக்கும், அப்படி ஒரு பாட்டு.

ஒப்பிடும்போது நேரத்தையும் சரி பாருங்க. சிங்கிளா வந்த எடிட், வீடியோவுக்குப் பண்ணின எடிட் எல்லாம் தொகுப்புகள்ல கலந்து கிடக்கு. ஆல்பத்துல ராக்கெட் ஆறரை நிமிஷத்துக்கு மேல, சுகர் 4 நிமிஷம் 25 செகண்டு. நேரம் ஒத்துப் போகலன்னா நீங்க வேற எதையோ வேற எதோடயோ ஒப்பிடுறீங்க. ஸ்ட்ரீமிங்ல இன்னொரு பொறியும் இருக்கு. ரெக்கார்டு கம்பெனியோட தகராறு இருந்ததால 2018 ஜனவரி வரைக்கும் இவங்களோட பழைய ஆல்பங்க ஸ்ட்ரீமிங்ல கிடையாது, அந்த நேரத்துல பேண்டே 2012, 2013ல சில பாட்ட அச்சு அசலா மறுபடி வாசிச்சு வெளியிட்டாங்க. சுகர் அதுல ஒண்ணு, ஹிஸ்டீரியாவும் ஒண்ணு. பேருக்குப் பின்னாடி 2012, 2013ன்னு இருந்தா அது ரீமாஸ்டர் இல்ல, புது ரெக்கார்டிங். ரொம்ப நெருக்கமா பண்ணியிருப்பாங்க, அவசரத்துல ஏமாந்துடுவீங்க.

ஸ்ட்ரீமிங் ஆப்ல சத்தத்த அதுவே சமப்படுத்துற வசதி இருக்கும், ஸ்பாட்டிஃபைல ஆடியோ நார்மலைசேஷன், ஆப்பிள் மியூசிக்ல சவுண்ட் செக். தினம் கேக்க அது ஆன்லயே இருக்கட்டும். அது ஆன்ல இருந்தா ஏத்தி விட்ட மாஸ்டருக்கு இருந்த சாதகம் போயிடும், அமுக்கினதோட குறை மட்டும் மிச்சமா நிக்கும், அதனால ரெண்டு பதிப்பு ஆப்லயே கிடைச்சா இப்படி கேட்டே ஓரளவு முடிவுக்கு வந்துடலாம்.

இதெல்லாம் பண்ணி முடிச்சும் உங்களுக்கு வித்தியாசமே பிடிபடலன்னா பழைய சிடியே போதும், அந்தக் காச வேற ஆல்பத்துக்குப் போடுங்க. கூடுதல் சரக்குக்காக வாங்குறதுன்னா அது தனிக் கணக்கு. 2006ல வந்த ரெண்டு சிடி பதிப்புலயே பி-சைடு (சிங்கிளோட மறுபக்கத்துல வந்த) பாட்டெல்லாம் இருக்கு. 2017ல வந்த பெரிய பெட்டில 5 சிடி, 2 டிவிடி, அதுல 1988ல டென்வர்ல நடந்த இன் தி ரவுண்ட் கச்சேரியோட ஆடியோவும் இருக்கு, மேடை அரங்கத்துக்கு நட்ட நடுவுல, சுத்திலும் ஜனம். ரிக் ஆலன் அந்த எலக்ட்ரானிக் ட்ரம் கிட்டை வச்சு எப்படி வாசிச்சாருன்னு லைவா கேக்கணும்னா அந்தப் பெட்டி காசுக்குத் தகும். ஸ்டீவ் கிளார்க் உயிரோட இருந்து கடைசியா முடிச்ச ஆல்பம் இது, 1991 ஜனவரில போயிட்டாரு, அவர் மேடைல வாசிச்சது இதுல இருக்குங்கிறதே எனக்கு போதுமான காரணமா இருந்துச்சு.

டபுள் எல்பி வாங்கினவங்களுக்கு கடைசியா. புதுத் தட்டு சுத்தமா இருக்கும்னு நினைக்காதீங்க, பேப்பர் உறைலேர்ந்து வர்ற தூளு ஒட்டியிருக்கும், போடுறதுக்கு முன்னாடி கார்பன் ஃபைபர் ப்ரஷ்ஷால ஒரு சுத்து துடைங்க, சுத்துற திசைலயே, குறுக்கால இல்ல. ஊசி மேல விழுற எடை கார்ட்ரிட்ஜோட (ஊசி மாட்டியிருக்குற பகுதி) வந்த பேப்பர்ல எவ்வளவு போட்டிருக்கோ அவ்வளவே வைங்க, நிறைய கார்ட்ரிட்ஜுக்கு அது 2 கிராம் பக்கம், சின்ன டிஜிட்டல் தராசு வாங்கி அளந்துடுங்க, கண்ணால வைக்காதீங்க. குறைச்சு வச்சா தட்டுக்கு நல்லதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, உண்மைல குறைவா இருந்தா ஊசி க்ரூவுக்குள்ள ஆடி சுவர இடிச்சுத்தான் தேய்க்கும். வெச்சு முடிச்சதும் முதல் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்காம நேரா ஆர்மகெடன் இட் போடுங்க. பழைய தட்டுல நொறுங்கின அந்த கோரஸ், இதுல எந்தச் சீறலும் இல்லாம திறந்து நிக்கும்.